உளி ஏந்திய மங்கை

கோயிலுக்குள் நுழைந்து முழந்தாளிட்டதும் நம் கண்கள் முதலில் நாடுவது பீடத்தின் மேல் எழுந்தருளியிருக்கும் சுரூபத்தையே அன்றோ? தேவதாயின் கனிந்த முகத்தைப் பார்த்து நம் கவலைகளைச் சொல்லுகிறோம். பாடுபட்ட இயேசுவின் காயங்களைப் பார்த்து உள்ளம் உருகுகிறோம். தேர்வுக்கு முன் வேண்டிக்கொள்கிறோம். முடிவு வந்த பின் நன்றி கூறுகிறோம். ஆனால், அந்த முகத்தைச் செதுக்கிய கை யாருடையது என்று ஒரு நாளேனும் நாம் நினைத்துப் பார்த்ததுண்டா? சுரூபத்தைச் செய்தவரின் பெயர் பெரும்பாலும் நம் கண்ணில் படுவதில்லை. அவர் தம் வேலையை முடித்து, உளியைத் துடைத்து வைத்துவிட்டு மறைந்துவிடுகிறார்.

அவ்வாறு மறைந்திருந்து, பிற்காலத்தில் மெல்ல மெல்ல வெளிச்சத்துக்கு வந்த ஒருவரின் வாழ்க்கையையே இக்கட்டுரையில் காணப் போகிறோம். அவர் ஒரு பெண்மணி. திருமணமான பெண் தன் கணவனின் அனுமதியின்றி ஓர் ஒப்பந்தம்கூட எழுத இயலாதிருந்த பதினேழாம் நூற்றாண்டு ஸ்பெயின் நாட்டில், மரத்தைச் செதுக்கும் கலையில் தேர்ந்து, மன்னரின் அரண்மனைச் சிற்பி என்னும் பட்டத்தைப் பெற்றவர். அவர் பெயர் லூயிசா ரொல்டான். அந்நாட்டு மக்கள் அவரை லா ரொல்டானா என்று உரிமையோடு அழைப்பர்.

தந்தையின் பட்டறை

ஸ்பெயினின் தென்பகுதியில், குவாதல்கிவிர் ஆற்றங்கரையில் அமைந்த நகரம் செவில். அமெரிக்காவிலிருந்து வெள்ளியையும் மரத்தையும் ஏற்றி வந்த கப்பல்களால் செழித்த நகரம் அது. ஆயினும் 1649-ஆம் ஆண்டில் வந்த கொள்ளைநோய் அந்நகர மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரை வாரிக்கொண்டு சென்றது. மரத்தின் கடவுள் என்று மக்கள் போற்றிய மாபெரும் சிற்பி மார்த்தினேஸ் மொந்தாஞேஸும் அவ்வாண்டிலேயே இறந்தார். இந்தத் துயரத்துக்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1652-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள், தேவதாயின் பிறந்த நாளன்று, லூயிசா திருமுழுக்குப் பெற்றார்.

தந்தை பெத்ரோ ரொல்டான் கிரனாடா நகரில் தொழில் பயின்று, 1647-இல் செவில் நகருக்கு வந்தவர். மொந்தாஞேஸின் மறைவுக்குப் பின் அந்நகரில் அவருக்கு வேலை குவிந்தது. கோயில்களுக்குச் சுரூபங்கள், பீடத்தின் பின்னே தரையிலிருந்து கூரைவரை எழும்பி நிற்கும் பிரமாண்டமான மரப் பீட அமைப்புகள், பரிசுத்த வாரப் பவனிக்கு வேண்டிய உருவங்கள் என்று ஓயாமல் வேலை. செவில் நகரின் கரிதாத் மருத்துவமனைக் கோயிலில் 1670-களின் முற்பகுதியில் அமைந்த பெரிய பீடம் அவருடைய புகழை நிலைநிறுத்தியது. ஆண்டவரைக் கல்லறையில் அடக்கம் செய்யும் காட்சியை அதில் மரத்தாலேயே கண்முன் நிறுத்தியிருக்கிறார்.

இத்தனை வேலையையும் தனியொருவராய்ச் செய்ய முடியுமா? பெத்ரோவின் வீடே பட்டறை, பிள்ளைகளே கையாட்கள். அவருக்குப் பிள்ளைகள் பலர். பெண்மக்களும் உளி பிடித்தனர், வண்ணம் தீட்டினர். பிரான்சிஸ்கா என்ற மகள் சுரூபங்களுக்கு வண்ணம் தீட்டுவதில் வல்லவர். மரியா ஜோசபா என்ற மகள் செதுக்குவதில் வல்லவர். ஆனால் எல்லாரையும் விஞ்சியவர் லூயிசாவே.

பழைய நூல் ஒன்றில் ஒரு கதை உண்டு. பெத்ரோ செய்த ஒரு சுரூபம் கேட்டவருக்குப் பிடிக்கவில்லையாம். தந்தை மனமுடைந்து அமர்ந்துவிட்டார். இளம்பெண் லூயிசா அந்த உருவத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு வாளை எடுத்து, உருவத்தின் கால் பகுதியில் ஓரிரு இடங்களில் அறுத்து, சிறிது திருப்பி மீண்டும் பொருத்தினார். மரக்கட்டைபோல் விறைத்து நின்ற உருவம் உயிர்பெற்று அடியெடுத்து வைப்பதுபோல் ஆகிவிட்டது. வாங்க வந்தவர் அதைப் புதிய சுரூபம் என்றே எண்ணி மகிழ்ந்து பெற்றுச் சென்றாராம். இது உண்மையோ, பின்னாளில் புனைந்ததோ, அவருடைய கண்ணின் கூர்மையை மக்கள் எவ்வளவு மதித்தனர் என்பதை இக்கதை காட்டுகிறதன்றோ?

மரம் சுரூபமாகும் விதம்

லூயிசா கற்ற கலை எத்துணைக் கடினமானது என்பதைச் சற்று அறிந்துகொள்வோம்.

ஆளுயரச் சுரூபம் ஒன்று ஒரே மரத்துண்டில் செதுக்கப்படுவதன்று. மரம் வெட்டப்பட்ட பின்னும் மூச்சு விடுகிறது எனலாம். மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். கோடையில் உலர்ந்து சுருங்கும். பெரிய ஒற்றைக் கட்டையில் வெளிப்புறம் முதலில் உலர்ந்துவிடும். உட்புறம் ஈரமாகவே இருக்கும். அதனால் வெடிப்பு விழும். தேவதாயின் கன்னத்தில் வெடிப்பு விழுந்தால் பட்ட பாடெல்லாம் வீண்! ஆகையால் நன்கு உலர்ந்த தேவதாரு, பைன் முதலிய மரங்களைப் பலகைகளாகவும் துண்டுகளாகவும் அறுத்து, விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரத்தால் ஒட்டி, ஒரு பெட்டிபோல் கூட்டுவர். உட்புறம் கூடாக இருக்கும். கைகளையும் தலையையும் தனியே செய்து பொருத்துவர். இங்கே சிற்பியின் வேலை பாதி. நல்ல தச்சரின் வேலை மறுபாதி. இணைப்புச் சரியாக அமையாவிடில் எத்துணை அழகாகச் செதுக்கினாலும் அது நிலைக்காது.

அடுத்து உளி வேலை. முதலில் அகன்ற உளியால் முரட்டு வடிவம். பின்னர்க் குழிந்த வாயுடைய உளிகளால் ஆடையின் மடிப்புகள். இறுதியில் மிக மெல்லிய உளிகளால் இமையும் இதழும். மரத்தின் நார் ஓடும் திசையறிந்து உளியைச் செலுத்த வேண்டும். எதிர்த்துச் செலுத்தினால் மரம் பிளக்கும். களிமண்ணில் தவறினால் மறுபடியும் அப்பலாம். மரத்தில் சீவியது சீவியதே!

செதுக்கி முடித்தால் பாதிதான் முடிந்தது. சுண்ணச்சத்துள்ள வெள்ளைப் பொடியைப் பசையில் குழைத்து, மெல்லிய பூச்சாகப் பலமுறை பூசித் தேய்த்து வழுவழுப்பாக்குவர். ஆடைப்பகுதியில் செம்மண் குழம்பைத் தடவி, அதன்மேல் தங்க ரேக்கை ஒட்டி மெருகேற்றுவர். தங்கத்தை மறைத்து அதன்மேல் வண்ணம் பூசுவர். பின்னர்க் கூரிய குச்சியால் வண்ணத்தைக் கோடு கோடாகச் சுரண்ட, உள்ளிருக்கும் தங்கம் பூவேலையாகப் பளிச்சிடும். பார்ப்பவர்க்கு அது சரிகைப் பட்டு என்றே தோன்றும். முகத்துக்கும் கைகளுக்கும் எண்ணெய் வண்ணத்தால் சதைநிறம் ஊட்டுவர். கண்ணாடிக் கண்களைப் பதிப்பர். மெழுகுவர்த்தி ஒளியில் அந்தக் கண்கள் மின்னும்போது, மரம் என்ற நினைவே மக்களுக்கு மறைந்துபோகும்.

இத்தனையும் நன்கறிந்த பெண்ணாக லூயிசா வளர்ந்தார். மற்ற பெண்களுக்குக் கிட்டாத கல்வி அவருக்குத் தந்தையின் பட்டறையிலேயே கிட்டியது. ஆனால் அந்தக் கல்வியைக் கொண்டு தம் சொந்தப் பெயரில் அவர் என்ன செய்ய முடியும்? அதுவே கேள்வி.

தந்தையோடு பிணக்கு

பட்டறையில் லூயிஸ் அந்தோனியோ தே லோஸ் ஆர்கோஸ் என்ற இளைஞர் தொழில் பயின்று வந்தார். அவரும் லூயிசாவும் மணம் செய்துகொள்ள விரும்பினர். பெத்ரோ இணங்கவில்லை. தம் மகளின் கைத்திறன் பட்டறையைவிட்டுப் போவதை அவர் விரும்பவில்லை என்று சிலர் கருதுவர். காரணம் எதுவாயினும் தந்தை மறுத்துவிட்டார்.

பத்தொன்பது வயதுப் பெண் என்ன செய்ய முடியும்? லூயிசா முறைப்படியே சென்றார். இவ்வழக்கு திருச்சபையின் நீதிபதியிடம் சென்றது. திருமணம் இருவருடைய மனச்சம்மதத்தால் ஆவது என்பதே திருச்சபையின் சட்டம். நீதிபதியின் ஆணைப்படி லூயிசா தந்தையின் வீட்டிலிருந்து வேறொரு வீட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டு அங்கே வைக்கப்பட்டார். அவருடைய விருப்பம் தடையின்றி அவர் வாயாலேயே கேட்கப்பட்டது. 1671-ஆம் ஆண்டில் திருமணம் நடந்தது.

பெற்றோர் சொல்லை மீறியதற்காக அவரைப் போற்ற நாம் இதை எழுதவில்லை. அந்தப் பிரிவு அவருக்கும் தந்தைக்கும் எவ்வளவு வேதனை தந்திருக்கும் என்பதை நம்மால் உணர முடிகிறது. ஆயினும், தம் வாழ்வைப் பற்றித் தாமே பேசத் தெரிந்த பெண் அவர் என்பதற்கு இது முதற்சான்று. பின்னாளில் மன்னரிடமே தமக்காகப் பேசப்போகும் குரல் அன்றே பிறந்துவிட்டது.

யார் பெயரில் வேலை?

புதுமணத் தம்பதியர் தனியே தொழில் தொடங்கினர். வாழ்க்கை எளிதாக இருக்கவில்லை. குழந்தைகள் பிறந்தன, அவர்களுள் பலர் இளமையிலேயே இறந்தனர். தொட்டில் ஒருபுறம், உளி மறுபுறம் என்றே அந்த ஆண்டுகள் சென்றிருக்க வேண்டும். குழந்தை இயேசுவையும் தேவதாயையும் அவர் செய்த உருவங்களில் ஒரு தனிக் கனிவு உண்டு. தாயின் விரலைப் பற்றிக்கொள்ளும் பிஞ்சுக் கையை அவர் வீட்டிலேயே கண்டவர். அந்தக் கை தம் பிடியிலிருந்து நழுவியதையும் கண்டவர்.

செவில் நகரில் அவர் செய்த வேலைகள் எவை என்று பிரித்தறிவது இன்றும் கடினமாகவே இருக்கிறது. காரணம், ஒப்பந்தங்களில் கணவரின் பெயரே இருந்தது. கைவினைஞர் சபையில் தேர்வெழுதி ஆசான் பட்டம் பெறும் வழி பெண்களுக்குத் திறந்திருக்கவில்லை. செதுக்கியவர் ஒருவர், கையெழுத்திட்டவர் வேறொருவர். செவில் மக்கள் உயிரினும் மேலாகப் போற்றும் மக்கரேனா நம்பிக்கை அன்னையின் சுரூபத்தை லூயிசாவே செய்தார் என்று பலர் நம்புகின்றனர். தந்தை செய்தார் என்பாரும் உளர். இரண்டுக்கும் எழுத்துச் சான்று இல்லை. பெயர் எழுதாத வேலையின் கதி இதுதான்.

காதிஸ் நகரில்

1680-களில் குடும்பம் கடற்கரை நகராகிய காதிஸுக்குச் சென்றது. 1684-ஆம் ஆண்டில், முள்முடி சூட்டப்பட்டு மக்கள் முன் நிறுத்தப்பட்ட ஆண்டவரின் உருவத்தை லூயிசா செதுக்கினார். காயங்களைக் காட்டிப் பார்ப்பவரை அச்சுறுத்தும் உருவமன்று அது. களைத்துப்போன கண்களால் நம்மைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் நிற்கும் உருவம்.

இந்தச் சுரூபம் பற்றிய ஒரு செய்தி நம் நெஞ்சைத் தொடுகிறது. மிகப் பிற்காலத்தில் இதைப் பழுது பார்த்தபோது, உள்ளே ஒரு தாள் கிடைத்தது. இவ்வுருவத்தைச் செய்தவர் லூயிசா ரொல்டான் என்றும், கணவர் உடனிருந்தார் என்றும் அதில் எழுதியிருந்தது. அதுவரை அச்சுரூபத்தை வேறு பெரிய சிற்பிகளின் வேலை என்று கருதியவர் உண்டு. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் மக்கள் அச்சுரூபத்தின் முன் மண்டியிட்டு வேண்டினர். செய்தவளின் பெயர் அவர்கள் கண்முன்னே, மரத்துக்குள்ளே, யாரும் அறியாமல் காத்திருந்தது! வெளியே எழுத முடியாத பெயர் உள்ளேயாவது இருக்கட்டும் என்று அதை வைத்தவர்கள் எண்ணினார்களோ என்று நமக்குத் தோன்றுகிறது.

1687-இல் காதிஸ் நகரசபை, நகரின் பாதுகாவலர்களாகிய புனிதர்கள் செர்வாந்தோ, ஜெர்மான் ஆகிய இருவரின் சுரூபங்களை அவரிடம் கேட்டுப் பெற்றது. கேட்டது ஒரு நகரின் ஆட்சிக்குழு. செய்தது ஒரு பெண். நிழலிலிருந்த பெயர் மெல்ல வெளியே வரத் தொடங்கிவிட்டது.

அரண்மனைச் சிற்பி

அடுத்து லூயிசா அம்மையார் துணிந்து எடுத்த முடிவு தலைநகர் மாட்ரிட்டுக்குச் செல்வது. 1689-ஆம் ஆண்டு வாக்கில் குடும்பம் அங்கே குடியேறியது. அரண்மனை அலுவலர் ஒருவரின் ஆதரவால் அவருடைய கைத்திறன் இரண்டாம் கார்லோஸ் மன்னரின் காதுக்கு எட்டியது. 1692-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மன்னர் அவருக்கு அரண்மனைச் சிற்பி என்னும் பட்டத்தை வழங்கினார். ஸ்பெயின் வரலாற்றில் அப்பட்டத்தை முதன்முதலில் பெற்ற பெண் அவரே.

அவ்வாண்டிலேயே அவர் மன்னருக்காகச் செய்த அதிதூதர் மிக்கேலின் சுரூபம் எஸ்கோரியல் மடத்தில் இடம்பெற்றது. ஆளுயரத்தை விஞ்சிய அவ்வுருவத்தில் அதிதூதர் வாளை ஓங்கி நிற்கிறார். மேலாடை காற்றில் சுழல்கிறது. காலடியில் பசாசு துடிக்கிறது. மிக்கேலின் முகத்தில் கோபம் இல்லை. அமைதியே நிறைந்திருக்கிறது. அம்மையார் தம் முகத்தை மிக்கேலுக்கும் கணவரின் முகத்தைப் பசாசுக்கும் கொடுத்துவிட்டார் என்று ஒரு வேடிக்கைக் கதையும் வழங்குகிறது! அதற்குச் சான்று ஏதும் இல்லை. சுரூபத்துக்கு வண்ணம் தீட்டியவர் கணவரின் உடன்பிறந்த தோமாஸ். குடும்பமே கூடி உழைத்தது என்பதுதான் நாமறிந்த உண்மை.

மாட்ரிட்டில் அவர் வேறொரு புதுவழியையும் கண்டார். பெரிய மரச் சுரூபத்துக்குக் காலமும் பொருளும் மிகுதியாக வேண்டும். ஆகவே சுட்ட களிமண்ணில், மேசைமீது வைக்கத்தக்க சிறு உருவத் தொகுதிகளைச் செய்து வண்ணம் தீட்டினார். எகிப்துக்குச் செல்லும் வழியில் இளைப்பாறும் திருக்குடும்பம், புனித மகதலேனாளின் மரணம், புனித கத்தரீனாளின் ஞானத் திருமணம் முதலிய காட்சிகள் அவற்றுள் அடங்கும். தரையில் கிடக்கும் கூழாங்கல்லும் செடியும்கூட அவற்றில் விடுபடவில்லை. இவற்றில் பலவற்றில் அம்மையார் தம் பெயரையும் அரண்மனைச் சிற்பி என்ற பட்டத்தையும் தெளிவாகப் பொறித்தார். இப்போது பெயர் உள்ளே ஒளிந்திருக்கவில்லை. எவரும் படிக்கும்படி வெளியே நின்றது.

பட்டம் உண்டு, படி இல்லை

இவ்வளவு புகழ் பெற்றவர் செல்வமாக வாழ்ந்திருப்பார் என்று நாம் எண்ணுவோம். உண்மை அதற்கு நேர்மாறானது. பட்டம் வந்தது, ஊதியம் வரவில்லை. அரசின் கருவூலம் போர்களாலும் கடன்களாலும் வறண்டிருந்தது. 1695-இலிருந்து ஆண்டுக்கு நூறு தூகாத்து என்று ஊதியம் முடிவாயிற்று. அதுவும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை.

அம்மையார் மன்னருக்கும் அரசிக்கும் எழுதிய விண்ணப்பங்கள் இன்றும் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. குடியிருக்க ஓர் இடம் தருமாறு கேட்கிறார். உணவுப் படியும் உடையும் கேட்கிறார். இரு பிள்ளைகளோடு வறுமையில் வாடுவதை எடுத்துச் சொல்கிறார். தாம் செய்த வேலையையும் நினைவூட்டுகிறார். அரசனின் மாளிகைக்குப் பொன் ரேக்கு ஒட்டிய அதிதூதரைச் செய்து தந்தவரின் வீட்டு அடுப்பு எரியவில்லை! இதைவிடக் கொடுமை வேறு என்ன வேண்டும்?

இந்த விண்ணப்பங்களைச் சிலர் இரங்கத்தக்க கடிதங்களாக மட்டுமே பார்ப்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. வேலைக்குக் கூலி கேட்பது பிச்சை கேட்பதன்று. ஒருமுறை கேட்டுக் கிடைக்காதபோது மறுமுறை கேட்டார். மறுமுறையும் கிடைக்காதபோது மீண்டும் எழுதினார். கேட்டுக்கொண்டே வேலையையும் செய்தார். கூலி வரவில்லை என்பதற்காக ஒரு விரல் நகத்தைக்கூட அவர் அரைகுறையாகச் செதுக்கவில்லை. அதே 1690-களில் அவர் செய்த புனித ஜினேஸின் சுரூபத்தைப் பார்த்தால் இது விளங்கும். முதிய துறவியின் நெற்றிச் சுருக்கமும், புடைத்த நரம்பும், பேச வாயெடுத்ததுபோல் சற்றே திறந்த இதழ்களும் அதில் அத்துணை உயிரோட்டமாக அமைந்துள்ளன.

கண்ணீரோடு செதுக்கிய உருவம்

அம்மையாரின் கடைசிக் காலத்துப் பெரும் படைப்பு சிலுவை சுமக்கும் இயேசுவின் சுரூபம். மன்னர் கார்லோஸுக்காகத் தொடங்கியது அது. 1700-ஆம் ஆண்டு நவம்பரில் மன்னர் இறந்தார். கேட்டவரே மறைந்துவிட்டதால் சுரூபம் அதற்கென எண்ணிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. பின்னாளில் அது குவென்கா மாவட்டத்தில் சிசாந்தே என்ற சிற்றூரிலுள்ள கிளாரம்மாள் சபைக் கன்னியர் மடத்தை அடைந்தது.

அக்காலத்து ஓவியரும் நூலாசிரியருமான பலோமினோ இச்சுரூபத்தை நேரில் கண்டவர். 1724-இல் வெளிவந்த தம் நூலில், முழந்தாளிடாமல் இதன்முன் நிற்பதே மரியாதைக் குறைவு என்று தமக்குத் தோன்றியதாக அவர் குறித்திருக்கிறார். ஆண்டவரின் உருவத்தையும் தேவதாயின் உருவத்தையும் செய்யும்போது அம்மையார் செபத்தால் தம்மைத் தயாரித்துக்கொள்வார் என்றும், கண்ணீர் வடித்தபடியே செதுக்குவார் என்றும் அவர் எழுதியுள்ளார். செபமும் வேலையும் அவருக்கு இரண்டாக இருக்கவில்லை.

புதிய மன்னர் ஐந்தாம் பிலிப் அரியணை ஏறியதும் அம்மையார் மீண்டும் விண்ணப்பம் எழுதினார். 1701-இல் அரண்மனைச் சிற்பி பட்டம் அவருக்கு மறுபடியும் வழங்கப்பட்டது. இரு மன்னர்களிடம் பட்டம் பெற்ற பெருமை சேர்ந்தது. வறுமையோ விலகவில்லை.

1706-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவர் நோயுற்றுப் படுத்தார். சொத்தாக எழுதி வைக்க ஏதுமில்லை என்று வறுமை அறிக்கையில் கையொப்பமிட்டார். சனவரி 10-ஆம் நாள் மாட்ரிட் நகரில் காலமானார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. வியப்பு என்னவெனில், அதே நாளில்தான் உரோமை நகரின் புகழ்பெற்ற புனித லூக்கா கலைக்கழகம் அவரைத் தன் மதிப்புறு உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. அச்செய்தி மாட்ரிட்டுக்கு வந்து சேருமுன் அவர் கண் மூடிவிட்டார். உலகம் தந்த பெரிய மரியாதையை அவர் அறியவே இல்லை.

மறைந்தும் மறையாதவர்

மண்ணில் அவர் உடல் மறைந்தது; வேலை மறையவில்லை. அவருடைய தமக்கை தங்கையருள் ஒருவரான பிரான்சிஸ்காவின் மகன் பெத்ரோ துக்கே கொர்னேகோ குடும்பக் கலையைத் தொடர்ந்தார். கோர்தொபா பேராலயத்தில் குருக்கள் அமர்ந்து செபிக்கும் மகாகனி மர இருக்கைகள் அவருடைய கைவேலையே. வரிசை வரிசையாக அமைந்த அந்த இருக்கைகளின் ஒவ்வொரு பலகையிலும் விவிலியக் காட்சிகள் செதுக்கப்பட்டுள்ளன. பெத்ரோ ரொல்டானின் பட்டறையில் ஏற்றிய விளக்கு மூன்றாம் தலைமுறையிலும் எரிந்தது.

லூயிசா அம்மையாரின் படைப்புகள் இன்று கடல் கடந்தும் சென்றுள்ளன. புனித ஜினேஸின் சுரூபம் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முன்பு வேறொரு சிற்பியின் பெயரால் அறியப்பட்டிருந்த அதை, பின்னரே அறிஞர்கள் இவருடையது என்று உணர்ந்தனர். நியூயார்க்கிலும் இலண்டனிலும் அவருடைய சிறு களிமண் உருவங்கள் காட்சிக்கு உள்ளன. 2024-ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்பெயினின் தேசியச் சிற்ப அருங்காட்சியகம் வல்யதோலித் நகரில் அவருக்கென்றே தனிக் கண்காட்சி நடத்தியது. உணவுப் படி கேட்டு எழுதிய அதே கையின் வேலையைக் காண மக்கள் திரண்டு வந்தனர்.

அன்பார்ந்த மாணவியரே! இந்த வாழ்க்கையிலிருந்து நாம் கற்பது என்ன? திறமை இருந்தால் எல்லாம் தானே வரும் என்று சொல்வது எளிது. லூயிசா அம்மையாரின் வாழ்வு அதைப் பொய்யாக்குகிறது. திறமை இருந்தும் கூலி வரவில்லை. பாராட்டு வந்தபோது கேட்க அவர் இல்லை. ஆனால் இரண்டு காரியங்களை அவர் ஒருநாளும் விடவில்லை. தம் வேலையைக் குறைவாகச் செய்ததில்லை. தம் பெயரையும் உரிமையையும் பிறர் கையில் விட்டுவிட்டு வாளாவிருந்ததுமில்லை. முன்னது பணிவு, பின்னது துணிவு. இரண்டும் சேர்ந்திருக்க முடியாது என்று யாரேனும் நமக்குச் சொன்னால், செவில் நகரத்து இந்தத் தச்சுக்கூடத்துப் பெண்ணை நாம் சுட்டிக்காட்டலாம்.

இன்று நம்மில் ஒருத்தி தையல் வகுப்பில் ஊசி கோக்கிறாள்; ஒருத்தி ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவுகிறாள்; ஒருத்தி வரைபடத்தாளில் கோடு இழுக்கிறாள். எந்த வேலையாயினும் அதை முழுமையாகச் செய்வோம். செய்து முடித்ததும் நம் பெயரைத் தெளிவாக எழுதுவோம். வீட்டிலும் நாட்டிலும் நமக்காக உழைத்தவர்களின் பெயரைக் கேட்டறிவோம். அவர்களுக்குரிய கூலியைத் தாமதமின்றித் தருவோம். அடுத்த முறை ஒரு சுரூபத்தின் முன் முழந்தாளிடும்போது, அதைச் செதுக்கிய கைகளுக்காகவும் ஒரு நொடி செபிப்போம். அந்தக் கைகள் ஒரு பெண்ணின் கைகளாகவும் இருந்திருக்கலாம் அன்றோ?